மாத்திரை, கத்தி, காத்திருத்தல்: புரோஸ்டேட் வீக்க ஆய்வுகள் காட்டுவது என்ன?

அறுபதைத் தாண்டிய ஒருவர் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போகிறார். கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கின்றன. அறிக்கையின் கடைசி வரியில் மட்டும் ‘புரோஸ்டேட் வீக்கம், 45 சி.சி., கிரேடு 2’ என்று போட்டிருக்கிறது. அன்று முதல் வீட்டில் வேறு பேச்சு இல்லை. புற்றுநோயா? ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா? மாத்திரையில் கரையுமா? ஒருவர் நெருஞ்சில் கஷாயம் குடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் லேசர் என்கிறார், மூன்றாமவர் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடு என்கிறார்.

நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளில் இந்த மூன்று யோசனைகளும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘சிகிச்சை எடுத்தவர்களில் இத்தனை பேருக்குக் குணம்’ என்ற கணக்குக்கு இந்த நோயில் தனியாக மதிப்பில்லை. அந்தச் சிகிச்சையை எடுக்காதவர்களுக்கு அதே காலத்தில் என்ன ஆனது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு எதையாவது சொல்லும். புரோஸ்டேட் வீக்கத்தைப் பற்றி நமக்கு இன்று உறுதியாகத் தெரிந்தவை பெரும்பாலும் அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கிடைத்தவையே.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே இருக்கும் சுரப்பி புரோஸ்டேட். மணிக்குள் நூல் போவதுபோல் சிறுநீர்க் குழாய் அதன் நடுவே போகிறது. 1984இல் பெரியும் அவருடைய சகாக்களும் பிணக்கூறாய்வு விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். முப்பது வயதுக்குக் கீழே இந்த வீக்கம் யாருக்கும் இல்லை. ஐம்பதுகளில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது, எண்பத்தைந்தைத் தாண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது. ஆக இது முதுமையோடு வருவது. புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. புற்றுநோய் இருக்கிறதா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

அளவும் அவஸ்தையும் ஒன்றாகவே போவதில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். 80 சி.சி. சுரப்பியோடு சுகமாக இருப்பவர் உண்டு, 30 சி.சி.யிலேயே முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறவரும் உண்டு. சுரப்பியின் பருமன், அதிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் உள்ள தசையின் இறுக்கம், அடைப்பை எதிர்த்து அழுத்தி அழுத்தி மாறிப்போன சிறுநீர்ப்பை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தொந்தரவு உண்டாகிறது. ஸ்கேன் அறிக்கையின் கிரேடைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருப்பதில் பொருளில்லை.

1895இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜே. வில்லியம் ஒயிட் என்ற அறுவை மருத்துவர் 111 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை, இரண்டு விதைகளையும் அகற்றுவது. 87 சதவீதம் பேருக்குச் சுரப்பி சுருங்கியது என்று அவர் எழுதினார். 18 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். இரண்டு எண்களும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. சுரப்பி சுருங்கியது என்பது மருத்துவரின் வெற்றி. நோயாளி உயிரோடு வீடு திரும்பினாரா, நிம்மதியாகச் சிறுநீர் கழித்தாரா என்பது வேறு கேள்வி. எதை அளக்கிறோம் என்ற சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது.

அந்தச் சிகிச்சை சீக்கிரமே வழக்கொழிந்தது. அதன் இடத்துக்கு வந்தவர் பீட்டர் ஃபிரேயர். அயர்லாந்துக்காரர், இந்திய மருத்துவப் பணியில் இருபது ஆண்டுகள் வட இந்தியாவில் வேலை பார்த்து, சிறுநீர்ப்பைக் கல்லை உள்ளேயே உடைத்து எடுப்பதில் பேர் வாங்கியவர். லண்டன் திரும்பிய பிறகு, அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியாக விரலால் சுரப்பியை நெம்பி எடுக்கும் முறையை 1901இல் வெளியிட்டார். நியூயார்க்கில் யூஜின் ஃபுல்லர் ஃபிரேயருக்கு முன்பே அதைச் செய்துவிட்டார் என்ற சண்டை வெகுநாள் ஓடியது. 1926இல் மேக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கிய கருவியை 1930களின் தொடக்கத்தில் ஜோசப் மெக்கார்த்தி மேம்படுத்தினார். அதிலிருந்து வந்ததுதான் வயிற்றைக் கீறாமல் சிறுநீர்த் துவாரம் வழியாகவே உள்ளே போய் மின்கம்பியால் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. இன்றைக்கும் எல்லாப் புதிய முறைகளும் அதோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது.

மாத்திரையின் கதை இதைவிட விசித்திரமான இடங்களில் தொடங்குகிறது. 1960இல் பெய்ஜிங்கில் வூ ஜியேபிங் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர், சிங் அரசவையில் இருந்து அப்போதும் உயிரோடு எஞ்சியிருந்த அண்ணகர்கள் 26 பேரைப் பரிசோதித்தார். விதை நீக்கப்பட்டு நாற்பது, ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆனவர்கள். 21 பேருக்குப் புரோஸ்டேட் கைக்கே தட்டுப்படவில்லை, மற்றவர்களுக்கு மிகச் சிறிதாக இருந்தது. விதையிலிருந்து வரும் ஏதோ ஒன்று இல்லாவிட்டால் இந்த வீக்கம் வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதற்கு டொமினிகன் குடியரசின் சலினாஸ் என்ற கிராமத்திலிருந்து பதில் வந்தது. அங்கே சில குடும்பங்களில் பிறக்கும்போது பெண் குழந்தை என்று நினைத்து வளர்க்கப்பட்டவர்கள், பருவ வயதில் ஆண் உடலாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் அவருடைய குழுவும் 1974இல் காரணத்தை வெளியிட்டார்கள். விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. வளர்ந்த பிறகும் அவர்களின் புரோஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியை மட்டும் தடுத்தால், விதையை எடுக்காமலே சுரப்பியைச் சுருக்கலாமே என்று மெர்க் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் யோசித்தார்கள். 1992இல் அமெரிக்காவில் ஃபினாஸ்டெரைடு மாத்திரை அனுமதி பெற்றது.

இன்னொரு பக்கம் ஜெருசலேமில் மார்கோ கெய்ன் 1970களின் நடுவில், புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பை வாயிலும் உள்ள தசையை இறுக்கும் ஏற்பிகளைக் கண்டறிந்து, அவற்றைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளிடம் சோதித்தார். அவர் கொடுத்த மருந்து நிலைக்கவில்லை. அதன் வழியில் வந்த டெராசோசின், டாக்சசோசின், டாம்சுலோசின் ஆகியவை நிலைத்தன. ஃபினாஸ்டெரைடு வகை சுரப்பியைச் சுருக்கும், இந்த வகை தசையைத் தளர்த்தும். இன்று நம் மருந்துக்கடைகளில் விற்கும் புரோஸ்டேட் மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் சேர்ந்தது.

இரண்டில் எது மேல்? இதைக் கேட்பதற்கு முன் அவஸ்தையை அளக்க ஒரு கோல் வேண்டும். 1992இல் மைக்கேல் பேரியும் சகாக்களும் ஏழு கேள்விகள் கொண்ட தாளை உருவாக்கினார்கள். போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா? விட்டு விட்டு வருகிறதா? அடக்க முடியவில்லையா? வேகம் குறைவா? முக்க வேண்டியிருக்கிறதா? இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. ஏழு வரை லேசானது, எட்டிலிருந்து பத்தொன்பது வரை நடுத்தரம், இருபதும் அதற்கு மேலும் கடுமை. சராசரியாக மூன்று புள்ளி குறைந்தால்தான் நோயாளிக்கே ‘கொஞ்சம் தேவலை’ என்று படுகிறது என்பதையும் பேரி பின்னர் காட்டினார். இந்த மூன்று என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1996இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,229 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவை ஹெர்பர்ட் லெபோர் வெளியிட்டார். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 2.6 புள்ளி குறைந்தது. ஃபினாஸ்டெரைடுக்கு 3.2, டெராசோசினுக்கு 6.1, இரண்டும் சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு 6.2. வெற்று மாத்திரைக் குழு இல்லாமல் இந்தச் சோதனையை நடத்தியிருந்தால் ஃபினாஸ்டெரைடும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று எழுதியிருப்பார்கள். அந்தக் குழு பக்கத்தில் நின்றதால்தான் 3.2இல் மருந்தின் பங்கு எவ்வளவு சொற்பம் என்று தெரிந்தது.

சுரப்பியைச் சுருக்குவது வீண் வேலை என்று பலரும் முடிவு கட்டினார்கள். அது அவசரம். அதே ஆண்டில் பீட்டர் பாயில் ஆறு சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து, சுரப்பி ஏறத்தாழ 40 சி.சி.க்கு மேல் இருப்பவர்களுக்கே ஃபினாஸ்டெரைடு பலன் தருகிறது என்று காட்டினார். படைவீரர் சோதனையில் சராசரிச் சுரப்பி அதைவிடச் சிறியது. போதாததற்கு, ஓராண்டு என்பது இந்த மருந்துக்குக் குறுகிய காலம். 1998இல் ஜான் மெக்கானெல் 3,040 பேரை நான்கு ஆண்டுகள் கண்காணித்த சோதனையை வெளியிட்டார். வெற்று மாத்திரைக் குழுவில் 7 சதவீதம் பேருக்குத் திடீரென்று முழு அடைப்பு ஏற்பட்டது, மருந்துக் குழுவில் 3 சதவீதம் பேருக்கு. அறுவைச் சிகிச்சை வரை போனவர்கள் முறையே 10, 5 சதவீதம்.

விளம்பரத்தில் இதை ‘ஆபத்து பாதியாகக் குறைகிறது’ என்பார்கள். பொய்யில்லை. ஆனால் இந்த இரண்டு கெடுதல்களில் ஒன்றையாவது ஒருவரிடமிருந்து விலக்க, பதினைந்து பேர் நான்கு ஆண்டுகள் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும் என்பதும் அதே கணக்குதான். சிறுநீர் கட்டி, வயிறு உப்பி, நள்ளிரவில் அவசரப் பிரிவில் டியூப் போட்டுக்கொண்டவருக்குப் பதினைந்தில் ஒருவர் என்பது சின்ன எண்ணாகத் தெரியாது. பக்கவிளைவால் தாம்பத்தியம் கெட்டவருக்கு அது போதாத எண்ணாகத் தெரியும். மருத்துவர் இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டுவதே முறை.

2003இல் வந்த அடுத்த பெரிய சோதனை 3,047 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கண்காணித்தது. நோய் முற்றுவதை டாக்சசோசின் 39 சதவீதமும், ஃபினாஸ்டெரைடு 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. இதிலும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தசையைத் தளர்த்தும் மருந்து அவஸ்தையைக் குறைத்தது, ஆனால் முழு அடைப்பையும் அறுவைச் சிகிச்சையையும் நீண்ட காலத்தில் குறைக்கவில்லை, தள்ளிப்போட்டது. அவற்றைக் குறைத்தது சுரப்பியைச் சுருக்கும் மருந்து. இன்று அவஸ்தைப்படுகிறவருக்கு ஒரு மருந்து, சுரப்பி பெரிதாகி நாளைய ஆபத்து உள்ளவருக்கு இன்னொன்று, இரண்டும் உள்ளவருக்கு இரண்டும் என்ற பிரிப்பு இங்கிருந்து வந்தது. சிறிய சுரப்பிக்காரருக்கும் கூட்டு மாத்திரை எழுதிக் கொடுப்பதை இந்த ஆய்வுகளில் எதுவும் ஆதரிக்கவில்லை. ஃபினாஸ்டெரைடோ அதே வகையைச் சேர்ந்த டூட்டாஸ்டெரைடோ சாப்பிடுகிறவரின் இரத்தத்தில், புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். இதைச் சொல்லாமல் பரிசோதனைக்குப் போனால் புற்றுநோய் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

பக்கவிளைவிலும் ஒப்பீட்டுக் குழு முக்கியம். 2007இல் இத்தாலியில் மொண்டைனி குழுவினர் எல்லோருக்கும் ஃபினாஸ்டெரைடே கொடுத்தார்கள். ஒரு பாதியினரிடம் ‘இதனால் ஆண்மைக் குறைவு வரலாம்’ என்று சொன்னார்கள், மறு பாதியினரிடம் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேருக்கும் சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம் பேருக்கும் பாலியல் குறைகள் தோன்றின. பயமும் உடம்பில் வேலை செய்கிறது. அதற்காக இதை மனப்பிரமை என்று தள்ளவும் முடியாது. யாருக்கு எது என்பதை மறைத்து நடந்த பெரிய சோதனைகளிலும் மருந்துக் குழுவில் இந்தக் குறைகள் கூடுதலாகவே இருந்தன.

மூலிகைக்கும் நியாயமான சோதனை வேண்டும், அதை அமெரிக்கர்கள் செய்து பார்த்தார்கள். சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனையின் பழச்சாற்றை லட்சக்கணக்கானோர் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1998இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் பலன் உண்டு என்றது. அந்தச் சாறு கசக்கும், வாடை அடிக்கும். நாக்கே காட்டிக்கொடுத்துவிட்டால் மறைப்புக்கு அர்த்தமில்லை. 2006இல் ஸ்டீஃபன் பென்ட் 225 பேரிடம் ஓராண்டு நடத்திய சோதனையில் வெற்றுக் குளிகைக்குள்ளும் கசப்பான, பழுப்பு நிறத் திரவத்தை அடைத்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அளவு போதவில்லையோ என்று 2011இல் பேரி தலைமையில் 369 பேருக்கு வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு வரை கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை. நம் நெருஞ்சிலுக்கும் இதே மரியாதையைச் செய்ய வேண்டும். ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று சொல்லி ஏற்பதும், பத்தாம்பசலி என்று ஒதுக்குவதும் சோதித்துப் பார்ப்பதற்கு ஈடாகாது.

அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஊருக்கு ஊர் புரோஸ்டேட் ஆபரேஷன் எண்ணிக்கை பெரிதும் மாறுபடுவதை ஜான் வென்பெர்க் கண்டார். மனிதர்கள் அங்கே ஒரே மாதிரியானவர்கள், மருத்துவர்களின் பழக்கம்தான் வேறு. அப்படியானால் யாருக்கு உண்மையில் ஆபரேஷன் தேவை? 1995இல் ஜான் வாசன் குழுவினர் நடுத்தர அவஸ்தை உள்ள 556 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு டி.யூ.ஆர்.பி. செய்தார்கள், மறு பாதியைக் கவனித்தபடி காத்திருக்க வைத்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் ஆபரேஷன் குழுவில் 23 பேருக்கும் காத்திருந்தவர்களில் 47 பேருக்கும் நிலைமை மோசமானது. ஆபரேஷன்தான் வென்றது. ஆனால் காத்திருந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் அந்தக் காலத்துக்குள் கத்திக்குப் போனார். அதிகப் பலன் பெற்றவர்கள் தொடக்கத்தில் அதிகம் சிரமப்பட்டவர்கள். காத்திருத்தலும் ஒரு சிகிச்சைதான் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று இது.

கருவிகளின் கதையில் ஒரு படிப்பினை அடிக்கடி மறக்கப்படுகிறது. 1980களின் இறுதியில் பலூனை உள்ளே விட்டு ஊதிப் பாதையை அகலப்படுத்தும் முறை பரபரப்பாகப் பேசப்பட்டது. 1992இல் லெபோர் அதைச் சும்மா குழாய் விட்டு உள்ளே பார்ப்பதோடு ஒப்பிட்டார். பலன் ஒன்றாகவே இருந்தது. பலூன் ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்த முறைகள் போலி ஆபரேஷனோடு மோத வேண்டியிருந்தது நல்லதுக்கே. சுரப்பியை நூலிழுத்துக் கட்டி ஒதுக்கும் யூரோலிஃப்ட் முறையின் 206 பேர் சோதனையில் போலிக் குழுவினருக்கு முன்னே திரை மறைத்து, குழாயை விட்டு, கருவியின் ‘டிக்’ சத்தத்தையும் எழுப்பினார்கள். மூன்று மாதத்தில் அசல் குழுவுக்கு 11.1 புள்ளி குறைந்தது, போலிக் குழுவுக்கு 5.9. நீராவியால் திசுவைச் சுருக்கும் ரெசூம் முறையில் 11.2க்கு எதிராக 4.3. இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் வெறும் சத்தத்துக்கே ஆறு புள்ளி குறைகிறது என்பதை யோசியுங்கள். முன்னே சொன்ன மூன்று புள்ளிக் கணக்கில், ஒன்றுமே செய்யப்படாதவர் ‘நல்ல முன்னேற்றம்’ என்று மனமாரச் சொல்வார். ஒப்பீடு இல்லாமல் ‘எங்கள் மையத்தில் தொண்ணூறு சதவீத வெற்றி’ என்று வரும் விளம்பரங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

லேசர் என்றாலே உசத்தி என்ற எண்ணமும் ஆய்வில் அப்படியே தேறவில்லை. 2020இல் பிரிட்டனில் 410 பேரிடம் துலியம் லேசரையும் டி.யூ.ஆர்.பி.யையும் ஒப்பிட்டபோது ஓராண்டில் அவஸ்தைப் புள்ளிகள் இரண்டிலும் சமம். சிறுநீரின் வேகத்தில் பழைய முறையே முந்தியது: நொடிக்கு 23.2 மில்லி, லேசருக்கு 20.2. இதனால் எல்லா லேசரும் வீண் என்று ஆகாது. நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் வளர்த்த ஹோல்மியம் முறை மிகப் பெரிய சுரப்பியையும் வயிற்றைத் திறக்காமல் முழுதாக எடுத்துவிடுகிறது. ஃபிரேயர் விரலால் செய்ததை அது ஒளியால் செய்கிறது. கற்றுத் தேர நாளாகும் என்பதால் கருவி எது என்பதோடு கை யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

நோயாளிகளை அதிகம் வாட்டுவது இரவில் எழுவது. மருந்துகள் மிகக் குறைவாக உதவுவதும் அதற்குத்தான். படைவீரர் சோதனையின் விவரங்களை 2003இல் மறுபடி ஆராய்ந்தபோது, இரவுக்கு 2.5 தடவை எழுந்தவர்கள் டெராசோசினுக்குப் பிறகு 1.8 தடவை எழுந்தார்கள், வெற்று மாத்திரைக்குப் பிறகு 2.1 தடவை. காரணம், பலருக்கு இரவில் எழுப்புவது புரோஸ்டேட்டே அல்ல. பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி இரவில் சிறுநீராகிறது. குறட்டையோடு மூச்சு நின்று போகும் தூக்கமும் சர்க்கரையும் அதையே செய்யும். மூன்று நாள் எத்தனை மணிக்கு எவ்வளவு போகிறோம் என்று அளவுக் குவளையில் பிடித்து நோட்டில் எழுதினால் இது வெளிச்சமாகிவிடும். அதைச் செய்யாமலே வருடக்கணக்கில் புரோஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏராளம்.

ஜப்பானின் நாகசாகியில் மட்சுவோ குழுவினர் உப்பு அதிகம் சாப்பிடுகிறவர்களை அதைக் குறைக்கச் சொன்னார்கள். தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8.0 கிராமாகக் குறைத்த 223 பேர், இரவில் 2.3 தடவை எழுந்த நிலை மாறி 1.4 தடவை எழுந்தார்கள். டெராசோசின் கொடுத்ததைவிடப் பெரிய குறைவு இது. ஆனால் யார் உப்பைக் குறைப்பது என்பது இங்கே குலுக்கலில் முடிவாகவில்லை. பலூனையும் பனம்பழத்தையும் எந்தக் கண்ணால் பார்த்தோமோ அதே கண்ணால்தான் இதையும் பார்க்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இல்லாமல் சாப்பாடு இறங்காத நம் ஊரில் இந்தச் சோதனையை முறையாகக் குலுக்கல் போட்டு நடத்தலாம். தேவைப்படுவது ஓர் அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவு, சில நூறு முதியவர்கள், ஆளுக்கொரு அளவுக் குவளை, நோட்டு, ஆறு மாதம். கம்பெனிகள் இதற்குப் பணம் தரமாட்டா, விற்பதற்கு இதில் எதுவும் இல்லை. அரசுதான் தர வேண்டும்.